ஆட்டுரல் கண்காட்சிக்குப் போன கதை

கொச்சியில் 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி ஒரு பெரிய கலைக் கண்காட்சி தொடங்கியது. கொச்சி முசிரிஸ் பினாலே என்று பெயர். பினாலே என்றால் இரண்டாண்டுக்கு ஒரு முறை நடப்பது என்று பொருள். உலகின் பல நாட்டுக் கலைஞர்கள் தங்கள் படைப்புகளைக் கொண்டுவந்து வைத்த அந்த இடத்தில் 170 ஆட்டுரல்களும் இருந்தன. ஓவியமாகத் தீட்டியவை அல்ல. களிமண்ணில் செய்தவையும் அல்ல. பெங்களூர் வீதிகளில் வேண்டாம் என்று இறக்கி வைக்கப்பட்டிருந்த நிஜமான கருங்கல் உரல்கள். அவற்றைச் சேகரித்துக் கொச்சிக்குக் கொண்டுபோய் வைத்தவர்கள் ஷீலா கௌடா என்ற கர்நாடகக் கலைஞரும் அவருடைய கணவர் கிறிஸ்டோப் ஸ்டோர்ஸும். அந்தப் படைப்புக்கு அவர்கள் கொடுத்த பெயர் 'ஸ்டாப்ஓவர்'. நெடும்பயணத்தில் நடுவே இறங்கித் தங்கிப் போகும் இடம் என்று அர்த்தம்.

ஜி.எஸ்.டி. ரிட்டன் பற்றியும், உணவுப் பாதுகாப்புத் துறை உரிமம் பற்றியும், பருப்பு விலை நிலவரம் பற்றியும் எழுத வேண்டிய நம் சங்க இதழில் இது எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைய கலைஞர்கள் கையில் எடுக்கும் பொருள்கள் பலவும் நம் கடை வழியாக வீட்டுக்குள் போனவை. அல்லது நம் கடைச் சரக்கு வந்ததால் வீட்டை விட்டு வெளியே போனவை. நாமோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு தந்தையார் கடையில் உட்கார்ந்தவர்கள். ஓவியக் கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும், யார் வாங்குவார் என்று சொல்வோம். அந்த ஒரு தகுதியை வைத்துத்தான் எழுதுகிறோம்.

கொலுவும் சீர்வரிசையும்

'இன்ஸ்டலேஷன்' என்று ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் நிறுவல் கலை என்கிறார்கள். சட்டம் போட்ட படம் என்றால் சுவரில் மாட்டலாம். சிலை என்றால் பீடத்தில் வைக்கலாம். நிறுவல் கலை அப்படியல்ல. ஒரு அறையையோ, முற்றத்தையோ, கிட்டங்கியையோ எடுத்துக்கொண்டு, அதற்குள் பொருள்களை ஒரு முறையோடு அடுக்கி, பார்ப்பவரை அதற்குள் நடக்க வைப்பது. கண்காட்சி முடிந்ததும் பல நேரங்களில் பிரித்து எடுத்து விடுவார்கள்.

நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. நவராத்திரிக்குப் படி கட்டிக் கொலு வைக்கிறோம். ஒன்பது நாள் கழித்துப் பிரித்துப் பெட்டியில் போடுகிறோம். அதைவிட நெருக்கமான உதாரணம் கல்யாண வீட்டில் இருக்கிறது. நம் பக்கத்தில் சீர்சாமான்களை எல்லோரும் பார்க்கும்படி பரப்பி வைப்பது வழக்கம். பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எவர்சில்வர் பானைகள், பித்தளைக் குத்துவிளக்கு, நிறைநாழி, கட்டில், பீரோ, பாய் தலையணை, கிரைண்டர். வந்த பெண்கள் ஒருவரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். ஆனால் எத்தனை பாத்திரம், என்ன கனம், எந்தக் கம்பெனி கிரைண்டர் என்று கண்ணாலேயே கணக்கெடுத்து விடுவார்கள். ஒரு வீட்டின் வசதி, ரசனை, ஆசை, அந்தஸ்து எல்லாம் அந்த ஒரு ஹாலில் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். கலைஞர் செய்வதும் இதே வேலைதான். சீர் வைப்பவர் 'பார்த்து மெச்சுங்கள்' என்கிறார். கலைஞர் 'பார்த்து யோசியுங்கள்' என்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆட்டுரலுக்கு வருவோம். ஆட்டுரல் ஒரு காலத்தில் வீட்டின் அசையாச் சொத்து. வீடு கட்டும்போதே அடுக்களையிலோ பின்கட்டிலோ அதற்கு இடம் ஒதுக்கித் தரையோடு பதித்து விடுவார்கள். குடித்தனம் மாறினாலும் உரல் மாறாது. கோயம்புத்தூரில் 1955-ல் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கினார். முதலில் ஓட்டல்களுக்கும், பிறகு வசதியான வீடுகளுக்கும், அதன் பிறகு தவணை முறையில் எல்லா வீடுகளுக்கும் அது வந்தது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது குடிசை வீட்டிலும் ஆட்டுரலுக்கு வேலை போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டுதான் கொச்சியில் அந்த 170 கற்களும் வைக்கப்பட்டன.

வேலை போன கல்லை என்ன செய்வது? உடைக்க மனம் வராது. அம்மியும் உரலும் லட்சுமி இருக்கும் இடம். கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோம். விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. தூக்கிப் போகவும் நாலு பேர் வேண்டும். ஆகவே புது வீடு கட்டும்போது வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், சந்து முனையில் கொண்டுபோய் வைத்து விடுகிறார்கள். பெங்களூரில் நடந்ததும் இதுவே. நம் டவுனிலும் பாளையங்கோட்டையிலும் நடப்பதும் இதுவே. உடைக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் நடுவழியில் நிற்கும் பொருள் என்பதால்தான் 'தங்கிப் போகும் இடம்' என்ற பெயர். பெயர் வைத்தவர் நன்றாகவே வைத்திருக்கிறார்.

இதில் நம் தொழில் எங்கே வருகிறது? ஆட்டுரலும் அம்மியும் இருந்த காலத்தில் வத்தல், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் முழுச் சரக்காகப் போயின. அம்மி போனதும் மசாலாப் பொடி பாக்கெட்டுகள் வந்தன. நம்மில் பலர் மூட்டை வியாபாரத்திலிருந்து பாக்கெட் வியாபாரத்துக்கு மாறியது அந்த நாளில்தான். இப்போது அரைத்த இட்லி மாவே பாக்கெட்டில் வந்து கடைக் குளிர்பெட்டியில் இருக்கிறது. அடுத்து கிரைண்டரும் பரணுக்குப் போகும். அதைச் சேகரிக்க எந்தக் கலைஞர் வருவாரோ தெரியாது.

மிளகுக் கிட்டங்கிக்குள் கலை

இந்தக் கண்காட்சிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொச்சிக் கோட்டைப் பகுதியில் கடலை ஒட்டிய ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வளாகம். 1867-ல் ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கில வியாபாரி தொடங்கிய கம்பெனி அது. தேங்காய் எண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள், புல்தைலம் என்று வாங்கிக் கப்பலேற்றிய இடம். பிறகு கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர். அந்த வியாபாரமெல்லாம் ஓய்ந்து காலியாகக் கிடந்த கிட்டங்கிகளில்தான் கலைப்பொருள்களை வைத்தார்கள். பக்கத்திலேயே 'பெப்பர் ஹவுஸ்' என்று இன்னொரு பழைய கிட்டங்கி. பெயரைப் பார்த்தாலே நம் ஆட்கள் சொத்து என்று தெரிகிறதல்லவா?

நம் பாவூர்சத்திரம் காய்கறியும் ஆலங்குளம் சரக்கும் ஆரியங்காவு கணவாய் வழியாகத்தான் கேரளத்துக்குப் போகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் நமக்கு அந்நியமல்ல. மிளகு விஷயமாக மட்டாஞ்சேரிக்குப் போகிற வழக்கத்தில், இரண்டாவது பினாலே நடந்த சமயம் நாமும் ஒரு பிற்பகல் எட்டிப் பார்த்தோம். பெப்பர் ஹவுஸில் பெனிதா பெர்சியாள் என்ற தமிழ்நாட்டுக் கலைஞரின் சிற்பங்கள். கல்லோ மரமோ அல்ல. சாம்பிராணி, வெள்ளைப்போளம், கிராம்பு, பட்டை என்று பலவற்றைப் பொடித்துச் சேர்த்து உருவாக்கிய கிறிஸ்தவ உருவங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் எட்டியது வாசனைதான். நாட்டுமருந்துக் கடைக்குள் நுழைந்தது போல் இருந்தது. பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்கள். நாமோ இது எந்த ஊர்ப் பட்டை என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அவரவர் தொழில் அவரவர் மூக்கில்.

ஷீலா கௌடா இதற்கு முன்பே குங்குமத்தை எடுத்துக்கொண்டவர். ஊசிக் காதுகளில் நூலைக் கோத்து, அந்த நூல்களைப் பசையும் குங்குமச் சிவப்பும் சேர்த்துக் கயிறாக ஒட்டி, அறை முழுவதும் கொடி போல ஓட விட்டிருக்கிறார். 1990-களின் இறுதியில் செய்த வேலை. ஊசி, நூல், குங்குமம். மூன்றும் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் சாமான்.

பித்தளை போய் எவர்சில்வர் வந்தது

பீகாரில் ககௌல் என்ற ரயில்வே ஊரில் 1964-ல் பிறந்த சுபோத் குப்தாவின் பெயரை வடநாட்டில் பாத்திர வியாபாரிகள்கூட அறிந்திருக்கக் கூடும். அவர் எடுத்துக்கொண்ட பொருள் எவர்சில்வர். குடம், தூக்கு, தட்டு, டம்ளர் என்று கடைப் பாத்திரங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து 2006-ல் பிரம்மாண்டமான ஒரு மண்டையோடு செய்தார். அது பாரிஸில் ஒரு தேவாலயத்தில் வைக்கப்பட்டுப் பிறகு வெனிஸ் நகரக் கால்வாய்க் கரையிலும் வைக்கப்பட்டது. 2008-ல் இன்னொன்று: அணுகுண்டு வெடித்தால் எழும் காளான் புகையின் வடிவில் பாத்திரங்களின் மலை. எடை 26 டன் என்கிறார்கள். அதாவது இரண்டு லாரி லோடுக்குக் குறையாது. அது டெல்லியில் கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

தூரத்திலிருந்து பார்த்தால் பளபளப்பு. கிட்டே போனால் வெறும் தட்டும் டம்ளரும். எல்லாம் காலிப் பாத்திரம் என்பதையும் கவனிக்க வேண்டும். சோறு பொங்கும் பாத்திரத்தில் மண்டையோடு தெரிகிறது என்றால் பசியைப் பற்றிச் சொல்கிறார் என்று நமக்கே புரிகிறது. விளக்க உரை வேண்டாம்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் பித்தளையும் வெண்கலமும் செம்பும் புழங்கிய காலம் ஒன்று. புளி போட்டுத் தேய்க்க வேண்டும், ஈயம் பூச வேண்டும். பிறகு எவர்சில்வர் வந்தது. ஈயம் வேண்டாம், புளி வேண்டாம், கண்ணாடி மாதிரி மின்னும். பழைய பித்தளை அண்டாவைக் கொடுத்துவிட்டு எவர்சில்வர் குடம் வாங்கினார்கள். எடைக்கு எடை பார்த்தால் அது வீட்டுக்காரருக்கு நஷ்ட வியாபாரம்தான். ஆனால் அந்த நாளில் எவர்சில்வர் புழங்கும் வீடு நாகரிக வீடு, பித்தளை புழங்கும் வீடு பட்டிக்காட்டு வீடு. இன்றைக்கு நிலைமை தலைகீழ். வசதியான வீட்டு வரவேற்பறையில் பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறார்கள். சமைத்த பாத்திரம் அலங்காரப் பாத்திரமாகி விட்டது. எவர்சில்வர் அடுக்களைக்குள் ஒளிந்துகொண்டது.

2012-ல் கொச்சிக்கு இவர் கொண்டுவந்தது ஒரு நீண்ட மரப்படகு. அதற்குள் நாற்காலி, கட்டில், பாத்திரம், மீன்வலை, பழைய ரேடியோ என்று ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான் முழுவதும். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைக் காலி செய்பவர் படகில் எதை எதை ஏற்றுவார் என்று நினைத்துக்கொண்டால் போதும். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்து ஊருக்குள் வந்தபோது நம் உறுப்பினர்கள் பலர் கடையில் எதை மேலே ஏற்றினோம், எதை விட்டோம் என்பதை மறந்திருக்க மாட்டார்கள். பேரேட்டையும் சாமி படத்தையும் முதலில் தூக்கியவர்கள் நம்மில் அதிகம்.

யாருடைய ரசனை?

ரசனை என்பது வீட்டுக்காரர் மனதிலிருந்து தானாக ஊறி வருவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்கக் கலைஞர் கிளேஸ் ஓல்டன்பர்க் 1963-ல் ஒரு முழுப் படுக்கையறையைச் செய்தார். கட்டில், சோபா, மேஜை, விளக்கு எல்லாம் உண்டு. எல்லாமே போலி. விரிப்பு பிளாஸ்டிக், சோபாவில் வரிக்குதிரைத் தோல் போல அச்சடித்த துணி, பளிங்கு போலத் தோன்றும் மேல்பூச்சு. கட்டிலும் மேஜையும் சாய்ந்த கோண வடிவில் இருக்கும், படுக்க முடியாது. கலிபோர்னியாவில் அறைக்கு ஒரு மிருகத்தோல் என்று அலங்கரித்த ஒரு விடுதியைப் பார்த்த நினைவில் செய்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். கடையின் பளபளப்பான காட்சிக் கூடத்தில் அழகாக இருப்பது, வாழ்வதற்கு வசதியாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த அறை சிரித்துக்கொண்டே சொல்லி விடுகிறது.

நம் வீடுகளில் தேக்கு போலத் தெரியும் சன்மைக்கா இல்லையா? பளிங்கு போலத் தெரியும் பிளாஸ்டிக் விரிப்பு இல்லையா? வாடாத பிளாஸ்டிக் பூ இல்லையா? ரெட் ஆக்சைடு தரை வழுவழுவென்று குளிர்ச்சியாக இருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு மொசைக் போட்டோம். மொசைக்கைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டோம். இப்போது பெரிய ஓட்டல்களில் ரெட் ஆக்சைடு தரை போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடுகிறார்களாம். இதில் யாரையும் கேலி செய்ய நாம் வரவில்லை. பெருக்கித் துடைக்கிற பெண்களுக்கு டைல்ஸ் லகுவானது என்பதும், ஆட்டுரலில் கை வீங்க மாவு ஆட்டியவர்களுக்குக் கிரைண்டர் விடுதலை என்பதும் உண்மை. பழையது எல்லாம் பொன் என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஆட்டுரல் முன் உட்கார்ந்தவர்கள் என்று தெரியவில்லை.

ஆனால் வீட்டு ரசனையில் வியாபாரிக்குப் பங்கு உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது. நல்ல உதாரணம் காலண்டர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டையராஜு, அப்போது நம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த கோவில்பட்டியில் தங்கிவிட்டார். 1976-ல் காலமாகும் வரை அவரும் அவருடைய சீடர்களும் தீட்டிய முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக வெளிவந்தன. அவற்றை வாங்கி, கடைப்பெயரைப் போட்டு, தை பிறக்கும் முன் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது யார்? நாம்தான். காசு கொடுத்துப் படம் வாங்க முடியாத வீட்டுச் சுவரில் எந்தத் தெய்வம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவகையில் தீர்மானித்தது மளிகைக் கடைக்காரன். ஆண்டு முடிந்தாலும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ.

அந்தக் காலண்டர் லட்சுமியை பம்பாய்க் கலைஞர் அதுல் தோடியா வேறு விதமாகப் பயன்படுத்தினார். 2000-ஆம் ஆண்டையொட்டி அவர் கடை ஷட்டர்களிலேயே படம் தீட்டத் தொடங்கினார். நாம் தினமும் காலையில் தூக்கி இரவில் இறக்கும் அதே இரும்பு ஷட்டர்தான். ஒரு ஷட்டரில் மகாலட்சுமியின் படம். பார்க்க மங்களகரமாக இருக்கும். ஷட்டரைத் தூக்கினால் உள்ளே இன்னொரு படம்: வரதட்சணை கொடுக்க வழியில்லாத வீட்டில் பிறந்து, தூக்கிட்டு இறந்துபோன மூன்று சகோதரிகள். பத்திரிகையில் வந்த ஒரு செய்தியை வைத்துத் தீட்டியது. மேலே சொன்ன சீர்வரிசை ஹாலை இதோடு சேர்த்து நினைத்துப் பார்த்தால் நமக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. நாம் பார்த்த, கேட்ட, படித்த இத்தனை நிறுவல்களில் மனதை விட்டு நீங்காதது இந்த ஷட்டர்தான்.

காசு யாருக்கு?

இதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது வியாபாரி புத்தி. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

1964-ல் ஆண்டி வாரோல் என்ற கலைஞர் நியூயார்க்கில் ஒரு கண்காட்சி வைத்தார். பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ என்ற பண்டம் வரும் அட்டைப்பெட்டியைப் போலவே மரப்பலகையில் பெட்டி செய்து, அதே எழுத்து, அதே நிறம் அச்சடித்து, கிட்டங்கியில் அடுக்குவது போல அடுக்கி வைத்தார். அதில் ஒரு பெட்டியை 1969-ல் ஆயிரம் டாலருக்கு வாங்கிய குடும்பம் உண்டு. அதே பெட்டி 2010-ல் ஏலத்தில் முப்பது லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. சரி, அசல் அட்டைப்பெட்டியின் எழுத்தையும் நிறத்தையும் அமைத்தது யார்? ஜேம்ஸ் ஹார்வி என்பவர். அவரும் ஓவியர்தான், பிழைப்புக்காகப் பெட்டி டிசைன் செய்து கொடுத்தவர். கண்காட்சியில் பேர் வாங்கியது வாரோல்.

2024 நவம்பரில் இன்னொரு கூத்து. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலானின் படைப்பு: ஒரு வாழைப்பழம், அதைச் சுவரில் ஒட்டிய டேப். நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலர். அந்தப் பழம் ஏலக்கூடத்துக்கு அருகில் வங்கதேசத்துப் பெரியவர் ஒருவர் வேலை பார்த்த பழக்கடையில் 35 சென்டுக்கு வாங்கப்பட்டது. விலையைக் கேட்டு அந்தப் பெரியவர் அழுதுவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. சில்லறை வியாபாரி எவருக்கும் அந்தக் கண்ணீர் புரியும். இதையும் கலை என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்றால், நாம் ஒத்துக்கொள்ளவில்லை. 170 ஆட்டுரலைச் சேகரிப்பதில் உழைப்பு இருக்கிறது, பார்த்தவர் மனதில் வீட்டு நினைவு எழுகிறது. வாழைப்பழத்தில் நமக்குத் தெரிவது பணக்காரர்களின் விளையாட்டு மட்டும்.

நம் ஆற்றங்கரையிலும் இதே கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக ஓட்டி நெய்கிறார்கள். மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாய்க்கு இன்றும் மவுசு உண்டு. ஆனால் தினசரி படுக்கும் பாயின் இடத்தைப் பிளாஸ்டிக் பாய் பிடித்து ஆண்டுகள் பல ஆகின்றன. அதை அடுக்கி விற்றதும் நம் கடைகள்தான். இப்போது அதே கோரைப்பாய் துண்டு துண்டாகச் சாப்பாட்டு மேஜை விரிப்பாகவும், சுவர் அலங்காரமாகவும் பெருநகரக் கடைகளுக்குப் போகிறது. தொழில் பிழைக்கிறது என்றால் நல்லதுதான். ஆனால் சுவரில் மாட்டுபவர் கொடுக்கும் விலையில் நெய்தவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதைத் தமக்குத் தெரிந்த நெசவாளரிடம் உறுப்பினர்கள் ஒரு முறை விசாரித்துப் பார்க்கலாம். காருகுறிச்சி மண்பானைக்கும், அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கும் இதே கேள்வி உண்டு.

கடைகளின் கதையும் வேறல்ல. இளைய தலைமுறை கடையைப் புதுப்பிக்கிறது. கண்ணாடிக் கதவு, ஃபால்ஸ் சீலிங், வெள்ளை விளக்கு, கூடை எடுத்துச் சுற்றிவரும் அலமாரி வரிசை. பேரங்காடிகளோடு போட்டி போட அது அவசியம். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் புதுப்பிக்கும் அன்று பழைய சாமான் வியாபாரி வாசலில் நிற்கிறார். கல்லாப்பெட்டி, பித்தளைத் தராசு, தகரப் பெயர்ப்பலகை, எண்ணெய் அளக்கும் கரண்டி எல்லாம் எடைக்கு எடை போகின்றன. எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிந்தபோது சித்தப்பா வகைக்குப் போன தேக்கு மேஜை ஒன்றை இப்படித்தான் ஒருவர் விறகு விலைக்கு எடுத்துப்போனார். அதைப் போன்ற மேஜை இன்று ஓட்டல் வரவேற்பறையில் கண்ணாடி போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பின்னணிக்கு மூட்டையும் படியும் தராசும் அடுக்கி, பழைய மளிகைக் கடை மாதிரி ஜோடித்திருக்கிறார்கள். நம் கடையை நாம் கலைத்தோம். அவர்கள் அதை விலைக்கு வாங்கி மறுபடி அடுக்கியிருக்கிறார்கள்.

சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் இது சம்பந்தமாக ஒரு யோசனையை வைக்க இருக்கிறோம். சங்கக் கட்டடத்து மாடி ஹாலில் ஒரு சுவர் சும்மாதான் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்துக்கு முந்திய படி, உழக்கு, மரக்கால், பழைய தராசு, காலண்டர், பேரேடு, கடைப் பலகை ஆகியவற்றை அங்கே வைக்கலாம். கடையிலேயே கல்லா அருகில் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள்; பழைய படியைக் கல்லா அருகில் பார்த்தால் முத்திரை ஆய்வாளர் கேள்வி கேட்பார், ஆகவே ஹால்தான் உத்தமம். ஆட்டுரல் கொண்டுவருகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லவும். அதை மாடிக்கு ஏற்ற முடியாது, கீழே வாசலருகே இடம் பார்க்க வேண்டும். கொடுக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் கடைப்பெயரும் ஊரும் எழுதி அட்டை வைக்கப்படும். இரவலாகக் கொடுப்பவர்களுக்கு ரசீது உண்டு.